சின்னத்தாத்தாவின் கார் பாஸான கதை

எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் முதலில் அப்பா பதற வேண்டும். அவர் பதறாமல் எங்கள் குடும்பத்தில் எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. என் பத்தாவது வயதில், அல் ஐனில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதம், அவர் பதறியது சின்னத்தாத்தாவின் காருக்காக.

சின்னத்தாத்தா என்றால் அப்பாவின் சித்தப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அல் ஐனுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். அப்பாவுக்கு விசா எடுத்துக் கூப்பிட்டவரும் அவர்தான். மனைவி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. எங்கள் ஃபிளாட்டில் ஓர் அறை அவருடையது. அந்த அறையில் எப்போதும் தைலமும் ஏலக்காயும் கலந்த ஒரு வாசனை அடிக்கும்.

அவருடைய கார் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மணல்வெளியில் நான்கு வருஷமாக நின்றது. வெண்ணெய் நிறத்தில் ஒரு ஜப்பான் கார். என்னைவிடப் பத்து வயது மூத்தது. தாத்தாவுக்குக் கண்ணில் புரை எடுத்தபோது, இனி ஓட்டவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். தாத்தா கோபித்துக்கொண்டு, அம்மா கழித்துப்போட்ட ஜன்னல் திரைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து அதற்கு ஒரு உறை மாட்டினார். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட உறை. அதன்பிறகு அது கார் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. எங்களுக்கு அது கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிந்துகொள்ளும் இடம், பூனைகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

அந்த வருஷம் தாத்தாவுக்கு அறுபத்தைந்து முடிந்தது. விசாவை இனிமேல் புதுப்பிக்க முடியாது, கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் இன்னோர் அண்ணன் மகன் வீட்டு மாடியில் அவருக்கென்று ஓர் அறை தயார் செய்து, வெள்ளையடித்து வைத்திருப்பதாக ஃபோன் வந்தது. அதைக் கேட்டுவிட்டுத் தாத்தா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“வெள்ள அடிச்சாப் போதுமா? அங்க என்னைய யாருக்குத் தெரியும்?”

அம்மா அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

கேன்சல் செய்வதற்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கம்பெனியில் விசா வேலை பார்ப்பவர், முதலில் அந்தக் காரை வேறு யார் பேருக்காவது மாற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறேன் என்றார். காரைக் கைமாற்ற வேண்டுமானால் முல்க்கியா என்கிற பதிவு அட்டை நடப்பில் இருக்க வேண்டும். அதுவோ காலாவதியாகி மூன்று வருஷம். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் கார் பாஸிங் போக வேண்டும். பாஸிங் என்பது கார்களுக்கு வைக்கும் பரீட்சை. பரிசோதனை நிலையத்தில் ஓர் அதிகாரி விளக்கு, ஹாரன், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மார்க் போடுவார். ஆக, கார் பாஸானால்தான் தாத்தா ஊருக்குப் போக முடியும். அப்பாவுக்கு அன்றைக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“சித்தப்பா, இப்படியே விட்டுட்டுப் போனா ஏர்போர்ட்ல நிறுத்திப்புடுவான், பாத்துக்கிடுங்க.”

“நிறுத்தட்டுமேல,” என்றார் தாத்தா.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயங்கள். கார் பாஸானால் தாத்தா என்னை அதில் ஏற்றி ஜபல் ஹஃபீத் மலை உச்சிக்குக் கூட்டிப்போவார், வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போவார். ஊருக்குப் போவதில் என்ன இருக்கிறது? வளைகுடாவில் வளர்ந்த எங்களுக்கு ஊருக்குப் போவது என்றால் லீவுக்குப் போவது. எல்லோரும்தான் போகிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் கறுத்துப்போய், கொசுக்கடியோடும் முறுக்கு டின்னோடும் திரும்பி வருகிறார்கள். அந்தக் கோடையில் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் போகவில்லை. தாத்தாவாவது போகட்டுமே என்று நான் பெரிய மனது பண்ணி நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் இல்லாத வெட்டிப்பொழுது வேறு. காரைப் பாஸாக்கும் பொறுப்பை நானே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் கூட வைத்திருந்தேன்.

சனையா என்னும் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பெஷாவர்க்காரர். மருதாணி போட்டுச் சிவந்த தாடி. எல்லோரும் அவரைக் கான் பாய் என்றார்கள். ரோஜாப்பூ உறையை அவர் உருவியதும் உள்ளேயிருந்து ஒரு மூட்டை மணல் கொட்டியது. பானெட்டைத் திறந்தார். உள்ளே ஒரு பூனையும் நாலு குட்டிகளும் எங்களை ‘என்ன வேண்டும்?’ என்பதுபோல் பார்த்தன. கான் பாய் பூனைக் குடும்பத்தை ஓர் அட்டைப்பெட்டிக்கு மாற்றினார். புது பேட்டரி வைத்து, எண்ணெய்களையெல்லாம் மாற்றி, மூன்றாம் நாள் சாவியைத் திருகினார். அடேங்கப்பா, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுக் கறுப்புப் புகையைக் கக்கியது பாருங்கள், முதல் மாடியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் கறுத்துப்போயிற்று. அந்த வீட்டு அம்மாள் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை.

முல்க்கியா இல்லாத காரைத் தெருவில் ஓட்டக் கூடாது. அதனால் கான் பாய் தன் ரெக்கவரி லாரியில் ஏற்றித்தான் பாஸிங்குக்குக் கொண்டுபோனார். கார் மேலே, நாங்கள் நால்வரும் லாரி முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு. தாத்தா அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். வழியெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் தடவை ஃபெயில். அதில் யாருக்கும் வருத்தமில்லை. நாலு வருஷ வெயிலில் டயர்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன; அதிகாரி கிட்டேயே வரவில்லை. கொடுத்த தாளில் அரபியில் ‘ராஸிப்’ என்று அச்சிட்டிருந்தது. தேறவில்லை என்று பொருள். கூட்டத்தில் முதலில் அதை வாசித்தது நான்தான். அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கூடத்தில் என் அரபிப் பரீட்சைத் தாளில் அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தேன் என்பது நல்லவேளையாக அவருக்குத் தெரியாது.

டயர் மாற்றி, அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் வீட்டிலேயே எல்லாவற்றையும் சோதித்து நோட்டில் டிக் அடித்திருந்தேன். நான் பின்னால் நின்று கத்துவேன், தாத்தா உள்ளே உட்கார்ந்து அழுத்துவார். ஹாரன் அடித்த அடியில் கட்டடத்துக் கைக்குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. ஆனால் பாஸிங்கில் அதிகாரி அழுத்தினார், சத்தமே இல்லை. இன்னொரு தரம் அழுத்தினார். உள்ளங்கையால் குத்தினார். ஊஹூம். ராஸிப்.

வீட்டுக்கு வந்து அழுத்தினால் பாம் பாம் என்று அலறுகிறது!

கான் பாய்க்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. பழைய ஹாரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். மூன்றாவது வாரம் போனோம். ஹாரன் அருமையாக அடித்தது. வைப்பர் அசையவில்லை. அப்பா பொறுக்கமுடியாமல் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் கலந்து அதிகாரியிடம் சண்டைக்குப் போனார். வருஷத்துக்கு இரண்டே நாள் தூறல் போடுகிற ஊரில் வைப்பர் எதற்கு என்பது அவர் கட்சி. அதிகாரி இளைஞர், பொறுமைசாலி. முழுவதையும் கேட்டுவிட்டு, “மாஃபி வைப்பர், மாஃபி பாஸிங். கலாஸ்,” என்றார். வைப்பர் இல்லாவிட்டால் பாஸிங் இல்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தால் வைப்பர் சும்மா சுழன்று சுழன்று அடிக்கிறது. “யஹான் டீக், வஹான் கராப்!” என்று கான் பாய் தாடியைப் பிய்த்துக்கொண்டார். இங்கே நன்றாக இருக்கிறது, அங்கே போனால் கெட்டுவிடுகிறது. வீட்டில் மணிமணியாகப் பாட்டுப் பாடிவிட்டு விருந்தாளி வந்தால் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டல்லவா, அந்தக் கதைதான். காருக்குள் ஜின் புகுந்திருக்கிறது என்று கான் பாய் முடிவு கட்டினார். அம்மா, இது முதல் மாடிக்காரியின் கண் என்றாள். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டு, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். கான் பாய் ஏதோ ஓதி பானெட்டில் ஊதினார். இரண்டு மதத்துக்காரர்களும் ஒரே சமயத்தில் வேலை பார்த்தும் ஜின் போயிற்றா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சின்னத்தாத்தா மட்டும் அசையவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தோல்வியை அப்படித் தாங்கிய மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு ஃபெயிலுக்குப் பிறகும் எங்கள் எல்லோருக்கும் ஷவர்மாவும் மாம்பழ ஜூஸும் வாங்கிக் கொடுப்பார். “அதனால என்ன, அடுத்த வாரம் பாப்பம்,” என்பார். அன்றைக்கெல்லாம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். அப்பா உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வாரங்களில் தாத்தா தினமும் சாயங்காலம் வெளியே கிளம்பிவிடுவார், என்னையும் இழுத்துக்கொண்டு. ரொட்டிக் கடை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அவரோடு போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். முடிவெட்டும் மலையாளி உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார். தையல்கடைக்காரர் மூட்டுவலிக்கு ஒரு மருந்து சொல்லுவார். பள்ளிவாசல் காவலாளி கையைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். டீக்கடையில் தாத்தா ஒன்றும் கேட்கவே வேண்டாம், சீனி குறைத்து இஞ்சி தட்டிப் போட்ட டீ தானாக வந்துவிடும். எல்லோரும் கேட்பார்கள், எப்போது பயணம் என்று. “கார் பாஸாவலியே, என்ன செய்ய?” என்பார், ரொம்ப வருத்தமாக. எனக்குக் கால் வலிக்கும், சலிப்பாக வரும். இந்தக் கார் சனியன் சீக்கிரம் பாஸாகித் தொலையக் கூடாதா என்று இருக்கும்.

நாலாவது பாஸிங்குக்கு முன்னால் கான் பாய் காரைப் பிரித்து மேய்ந்துவிட்டார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து மாட்டினார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மிட்டாய் மாதிரி இருந்தன. மூடியின் உட்புறத்தில் உபரியாக நாலைந்து செருகியிருந்தன. பக்கத்தில் நின்று அத்தனையையும் பார்த்தேன். எது எதற்கு என்று கேட்டு நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். என்ன செய்வது, என் புத்தி அப்படி.

அன்று வரிசை நீளமாக இருந்தது. அப்பா கவுன்ட்டருக்குப் போயிருந்தார். கான் பாய் லாரி நிழலில் ஒதுங்கிக்கொண்டார். காரை வரிசையில் மெல்ல மெல்ல நகர்த்தியது தாத்தாதான். என் கார், நான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம். பின்சீட்டில் துண்டை விரித்து அதன்மேல் நான். ஏசி கிடையாது. சீட்டில் தோசை வார்க்கலாம், அவ்வளவு சூடு.

“ஏட்டி, நம்ம டோக்கன் நம்பர் எத்தனைன்னு உங்க அப்பன்ட்ட கேட்டுட்டு வா.”

ஓடினேன். அப்பாவைக் கண்டுபிடிக்கும் முன்பே டோக்கன் நம்பர் எனக்கு நினைவு வந்துவிட்டது, நோட்டில் எழுதியிருந்தேனே. பாதி வழியிலேயே திரும்பி வந்தேன். தாத்தா ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

“என்ன தாத்தா தேடுறீங்க?”

அவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். “கண்ணாடிய,” என்றார்.

கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. எதையோ சட்டைப்பைக்குள் போட்டார். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். தாத்தா இறங்கிச் சாவியை நீட்டி, ஸலாம் சொல்லி, குடும்பமெல்லாம் சௌக்கியமா என்று அரபியில் விசாரிக்கத் தொடங்கினார். என்னை, “எறங்குட்டி,” என்றார்.

செருப்பு கழன்றுவிட்டது என்று சொல்லிக் குனிந்தேன். முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தால், ஃபியூஸ் பெட்டி வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது. ஓர் இடம் காலி. என் படத்தின்படி அது பிரேக் லைட்.

ஐயோ பாவம், வயசாகிவிட்டது, சோதிக்கிறேன் என்று கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் என்ன நடந்தது என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நான் நம்பினேன். தாத்தாவின் ஞாபகமறதி அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? காரை ஓட்டவே விடமாட்டார். மலைக்குப் போகிற கதை அவ்வளவுதான். மூடியிலிருந்து அதே நிற ஃபியூஸ் ஒன்றை உருவிக் காலி இடத்தில் அழுத்தினேன். பெட்டியை மூடிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது.

அதிகாரி காரை உள்ளே கொண்டுபோனார். தாத்தா நிழலில் போய் நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “இன்னைக்கு என்ன ஜூஸ் வேணும் ஒனக்கு?” என்று கேட்டார்.

கார் பாஸாகிவிட்டது.

அப்பா தாளைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். முப்பத்தெட்டு வயது மனிதர் அந்த வெயிலில் குதித்ததை அங்கிருந்த பாதிப்பேர் வேடிக்கை பார்த்தார்கள். கான் பாய் பானெட்டில் முத்தமிட்டு, உதடு பொசுங்கிக் கத்தினார். தாத்தா எழுந்தார். நேராகக் காருக்குப் போய் உள்ளே உட்கார்ந்தார்.

“ஏட்டி, பின்னால நின்னு பாரு.” பிரேக்கை மிதித்தார். “எரியுதா?”

“எரியுது தாத்தா!”

“ரெண்டுமா?”

“ரெண்டும்!”

அப்படியே மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் போய், யாருக்கும் கேட்காமல் அவர் காதில் சொன்னேன்: ஃபியூஸை மாட்ட நீங்க மறந்துட்டீங்க, நான்தான் மாட்டினேன், அப்பாட்ட சொல்லமாட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, இருமல் வர, ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“மறந்தேதான் போயிட்டேன் பாத்துக்க,” என்றார். “யார்ட்டயும் சொல்லிராத, என்ன?”

சத்தியம் செய்தேன். அன்றைக்கும் ஷவர்மா வாங்கிக் கொடுத்தார். அவர் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்குப் போனோம். அப்பா பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா, சித்தப்பா என்று ஜபம் செய்தபடி வந்தார். தாத்தா ஒவ்வொரு வளைவிலும் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். பின்னால் பதினைந்து கார்கள் எங்களைத் திட்டிக்கொண்டே ஊர்ந்து வந்தன. உச்சியில் இறங்கியதும் தாத்தா கைப்பிடிச் சுவரோரம் நின்று, கீழே தெரிந்த ஊரைப் பார்த்தபடி, அது நான் சிமெண்ட் அனுப்பின கட்டடம், அது நான் கம்பி அனுப்பின கட்டடம் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அலுத்துவிட்டது. ஐஸ்கிரீம் கேட்டு அவர் சட்டையை இழுத்தேன்.

கார் ஒரு மதுரைக்காரருக்குப் போயிற்று. தாத்தாவின் பாஸ்போர்ட்டில் கேன்சல் முத்திரை விழுந்தது. ஆகஸ்ட் பாதியில் அவரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனோம். தெருவே திரண்டு வந்து வழியனுப்பியது, டீக்கடைக்காரர் அழுதார். லீவுக்குப் போகிறவருக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. வரும்போது வாங்கி வர வேண்டிய சாமான்களுக்கு நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். கடலைமிட்டாய், காரச்சேவு, பச்சை ரிப்பன், இன்னும் ஐந்து. அவர் அதை முழுவதும் வாசித்தார். காரச்சேவு எந்தக் கடையில் என்று சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. அவர் வரவில்லை. அக்டோபரில் ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவர் ஒரு பெரிய பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் என் பட்டியலில் இருந்த எட்டும் அப்படியே இருந்தன, ரிப்பன் உட்பட.

“இத ஏன் இவர் கொண்டு வந்தார்? தாத்தாவுக்கு லீவு இன்னும் முடியலையாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா கடலைமிட்டாயை உடைத்து ஒரு பெரிய துண்டாக என் வாயில் திணித்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மென்றுகொண்டே நினைத்தேன்: தாத்தா வந்ததும் முதல் வேலையாக அவரிடம் சொல்ல வேண்டும், அந்த ஃபியூஸ் விஷயத்தை இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை என்று.